ராஜபாளையம் எங்கே முடிகிறது?

(சேத்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



  

1. வழக்கு

வழக்கு உங்களில் பலருக்குப் பாதி தெரியும். ராஜபாளையத்தின் வளர்ச்சி குறித்து நானும் சக ஆய்வாளர்களும் பல கருத்தரங்குகளில் மோதியிருக்கிறோம். அவர்கள் கட்சி இது: 1927-இல் விருதுநகர்–தென்காசி ரயில் பாதை வந்தது. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். 1939-இல் ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் வந்தது. ஆக, ஆலைதான் நகரத்தைப் பெற்றது. ஆலை தளர்ந்தால் நகரமும் தளரும். சுற்றியுள்ள ஊர்கள் ஆலைக்கு ஆள் அனுப்பும் கிராமங்கள். இதற்குச் சான்றாக அவர்கள் எப்போதும் காட்டுவது இங்கிலாந்தின் மான்செஸ்டரை.

என் கட்சி வேறு. ராஜபாளையம் என்பது நகராட்சி எல்லைக்குள் அடங்கிய ஊர் அன்று. வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர், தெற்கே நாம் கூடியிருக்கும் சேத்தூர், கிழக்கே சத்திரப்பட்டி. இவ்வளவும் வேலையாலும் தண்ணீராலும் பஸ்ஸாலும் பிணைந்த ஒரே நகரம். 2011 கணக்கெடுப்பு ராஜபாளையத்துக்கு 1,30,000 பேரையும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 75,000 பேரையும் தனித்தனியே எழுதியது. தனித்தனியே எழுதப்பட்டதாலேயே தனித்தனி ஊர் என்று நம்பிவிட்டோம். வாய்ப்பையும் ஆபத்தையும் நாம் தவறாக எடைபோடுவதற்கு இந்த நம்பிக்கைதான் காரணம்.

2. மான்செஸ்டர் சொல்வது என்ன?

எதிர்க்கட்சியின் சான்றையே எடுத்துக்கொள்வோம். 1931-இல் மான்செஸ்டரில் 7,66,000 பேர் இருந்தார்கள். 2001-இல் நான்கு லட்சத்துக்கும் குறைவு. ‘பஞ்சாலை போனது, நகரம் பாதியானது’ என்பார்கள் நண்பர்கள். ஆலைகள் மூடியதும் வேலை போனதும் உண்மை. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே நூற்பின் பெரும்பகுதி ஓல்டாம், போல்டன் முதலிய சுற்றுநகரங்களுக்குப் போய்விட்டது. மான்செஸ்டரில் மிஞ்சியது கிடங்கும் தரகும் வணிகமும். குடித்தனங்களும் எல்லைக்கு வெளியே நகர்ந்தன. மாநகராட்சிக் கோட்டுக்குள் பார்த்தால் பாதி நகரம். சேர்த்துப் பார்த்தால் 2021-இல் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பெருநகரப் பகுதி.

அந்த உண்மையை நிர்வாகம் ஏற்கவே நெடுங்காலம் ஆனது. 1974-இல் பத்து உள்ளாட்சிகளைச் சேர்த்துப் பெருநகர மாவட்டமாக்கினார்கள். 1986-இல் அதன் மன்றத்தைக் கலைத்தார்கள். 2011-இல் அதே பத்தையும் மறுபடி ஒரு கூட்டு ஆணையத்தில் சேர்த்தார்கள். மான்செஸ்டர் என் கட்சிக்குத்தான் சாட்சி.

3. சத்திரப்பட்டி

என் வாதம் முழுவதும் இந்த ஓர் ஊரில் நிற்கிறது. எனவே இங்கே நிதானமாகவே பேசுவேன்.

ராஜபாளையத்திலிருந்து ரயில் பாதையைத் தாண்டி, ஆலங்குளம் போகும் வழியில் சத்திரப்பட்டி. அதையும் சமுசிகாபுரம், அய்யனாபுரம் முதலிய பக்கத்து ஊர்களையும் பேண்டேஜ் துணிக்காக நாடெங்கும் மருத்துவமனைகள் அறியும். தெருவுக்குள் நுழைந்தாலே தறிச் சத்தம். ஒரு வீட்டில் பாவு ஓட்டுகிறார்கள். இன்னொன்றில் ஊடைக்குத் தார் சுற்றுகிறார்கள். அடுத்த கொட்டகையில் விசைத்தறி ஓடுகிறது.

நெருக்கி நெய்தால் அது வேட்டி. நெருக்காமல் நெய்வதே பேண்டேஜ். காயத்தின் ஈரத்தை உறிஞ்சவும் காற்றுப் புகவும் இழைகளுக்கு இடையே இடம் வேண்டும். இடம் கூடினால் துணி நிற்காது. குறிப்பிட்ட நீளத்துக்கு எத்தனை இழை என்பதை மருந்துத் தர விதிகள் வகுத்திருக்கின்றன. தறியிலிருந்து இறங்கும் கோரா துணியில் பருத்தியின் மெழுகும் பாவுக்குப் போட்ட கஞ்சியும் இருக்கும், தண்ணீர் ஒட்டாது. காரத்தில் வேகவைத்து மெழுகெடுத்து, வெளுத்து, மறுபடி மறுபடி அலச வேண்டும். சரியாக வெளுத்த துணி தண்ணீரில் போட்ட 10 விநாடிக்குள் மூழ்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு வெட்டுவது, மடிப்பது, சுருட்டுவது, கட்டுவது. இதில் பெரும்பங்கு பெண்களின் கை, எண்ணிக்கைக்குக் கூலி.

நண்பர்களைக் கேட்கிறேன்: இது கிராமமா? சரக்கின் தரம் மருந்து விதியில் இருக்கிறது. வாங்குவோர் வெளி மாநிலங்களில் இருக்கிறார்கள். சிறு கொட்டகைகள் தாக்குப்பிடிப்பதற்கு ஒரு காரணம் அரசு தரும் இலவச மின்சாரம். 2023-இல் அது இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டிலிருந்து 1000 யூனிட் ஆனது. கூலி உயர்வுக்குத் தறிகளை நிறுத்திப் போராடுகிறார்கள்; அதிகாரிகள் முன்னிலையில் பேசி முடிக்கிறார்கள். நகரத்தின் இலக்கணத்தில் இன்னும் எது பாக்கி?

‘எல்லாம் ஆலை போட்ட நூல்தானே’ என்பது அவர்கள் வழக்கமான பதில். அந்தப் பதில் அவர்களுக்கே எதிரானது. நூல் விலை ஏறினால் ஆலைக்கு ஆதாயம், தறிக்கு நட்டம். இறங்கினால் தறிக்கு மூச்சு வரும், ஆலை திணறும். ஆலையின் விதிதான் இப்பகுதியின் விதி என்றால் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. ஒன்று சாயும்போது மற்றொன்று தாங்குவதே இந்த நகரத்தின் பலம். நகராட்சி எல்லைக்குள் நின்று பார்ப்பவருக்கு இந்தப் பலம் தெரியாது.

இன்னும் முக்கியமான ஒன்று. நகராட்சி, பேரூராட்சி என்று சட்டப்படி அறிவிக்கப்படாத ஊரை நகரம் என்று எழுத, இந்தியக் கணக்கெடுப்பு மூன்று நிபந்தனை வைக்கிறது: மக்கள் 5,000, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண்டில் ஆறு மாதமாவது உழைக்கும் ஆண்களில் 75 விழுக்காட்டினர் விவசாயம் சாராத தொழிலில் இருக்க வேண்டும். ஆண்களில் என்பதைக் கவனியுங்கள். பேண்டேஜ் சுருட்டி இந்த ஊரை நகரமாக்கிய பெண்களின் உழைப்புக்கு அந்த விதியில் இடமே இல்லை. தப்பித்தவறி நகரம் என்று எழுதப்பட்டாலும், நிர்வாகம் ஊராட்சியாகவே தொடரலாம்; வரி, வடிகால், விளக்கு எல்லாம் ஊராட்சிக் கணக்குத்தான். இந்த விதியைக் கேள்வி கேட்காமல் அதன் அட்டவணையை மட்டும் எடுத்தாள்வதுதான் என் நண்பர்கள் மேல் நான் வைக்கும் முதன்மையான குற்றச்சாட்டு.

4. தண்ணீர்

ராஜபாளையம் மலையடி ஓடைகளையும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தையும் நம்பியிருந்தது. இப்போது தாமிரபரணித் தண்ணீரும் வேண்டியிருக்கிறது. மான்செஸ்டர் 1894-இலேயே 150 கி.மீ.க்கு அப்பால் தெர்ல்மியர் ஏரியிலிருந்து நீர் கொண்டுவந்தது. குடிநீருக்கு எல்லை தாண்டுகிறோம். கழிவுநீருக்கு மட்டும் எல்லையில் நின்றுவிடுகிறோம். வெளுப்புத் தண்ணீரும் சாக்கடையும் கண்மாயில் கலந்தால் நகராட்சி, ஊராட்சி என்று பிரித்துப் பேசிப் பயனில்லை.

5. சாலையும் மனையும்

மேற்கே மலை, 2021-இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமானது. ஆகவே மனைகள் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியே நீளும். சேத்தூரின் வயலும் தோப்பும் அந்த வழியில்தான் இருக்கின்றன. மனைக்கு அனுமதி தரும்போதே வாய்க்காலைக் காக்க வேண்டும். விரிவாகப் பேச நேரமில்லை.

6. இனிச் செய்ய வேண்டியவை

சுருக்கமாகச் சொல்கிறேன். அரசமைப்பின் 243இசட்-டி (243ZD) பிரிவு, ஊராட்சித் திட்டங்களையும் நகராட்சித் திட்டங்களையும் ஒருங்கிணைக்க மாவட்டத் திட்டக் குழுவுக்கு வழி செய்கிறது. மூன்று ஊர்களுக்கும் சத்திரப்பட்டிக்கும் பொதுவான திட்டம் கேட்க அது போதும். கண்மாய், சாக்கடை வரைபடம் ஒன்று வேண்டும். தறிக் கூலி ஒப்பந்தங்களைத் தொகுக்க வேண்டும். டவுன் பஸ்ஸில் யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று எண்ண வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு எந்தெந்த ஊர்ப் பால் வருகிறது, தேவதானம், முகவூரிலிருந்து யார் எங்கே போய் வருகிறார்கள் என்பதெல்லாம் தனித்தனி ஆய்வுக்கு உரியவை.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-இல். அதற்குள் வீட்டில் பேண்டேஜ் சுருட்டும் பெண்களின் உழைப்பை வீடுவீடாகக் கணக்கெடுத்து, ஆண்களை மட்டும் எண்ணும் அந்த நிபந்தனையைத் திருத்தக் கோரும் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். மாணவர்களே, மற்ற ஆய்வுகள் காத்திருக்கலாம். இதை முதலில் தொடங்குங்கள்.