செம்புத் தகட்டில் கிறிஸ்து

   

இறைவனுக்கு உருவம் தரலாமா என்னும் வினா தமிழர்க்குப் புதியதன்று. அருவம், உருவம், அருவுருவம் என முந்நிலைகளைச் சைவ சித்தாந்தம் வகுத்துரைக்கும். கிறித்தவ உலகிலோ இவ்வினா பெரும் பூசலாகவே மூண்டது. எட்டாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசில் திருவுருவங்களை அழிக்க முற்பட்டனர். அப்போது தமஸ்கு நகரத்து யோவான் விடை பகர்ந்தார்: கட்புலனாகா இறைவனை வரைதல் இயலாது, அவ்விறைவனே மனிதவுடல் எடுத்து வந்தபின், கண்ட உருவை வரைதல் குற்றமன்று. கி.பி. 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் திருவுருவ வணக்கத்தை ஏற்றது. மனுவுருவேற்பு என்னும் இக்கோட்பாடே கிறித்தவக் கலையின் அடித்தளம்.

அங்ஙனமாயின், தமிழ் மண்ணில் அவ்வுரு எத்தகையது? 1726-இல் தேம்பாவணியை நிறைவு செய்த வீரமாமுனிவர், சூசையப்பரை ‘வளன்’ எனப் பெயரிட்டுத் தமிழ்க் காப்பிய மரபினுள் அமர்த்தினார். அவர் சொல்லில் செய்ததை உலோகத்தில் செய்து பார்த்தவர் சிற்பி பி.வி. ஜானகிராம் (1930–1995).

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில், கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் கலைஞர்கள் 1966-இல் சோழமண்டலம் கலைக் கிராமத்தை நிறுவினர். அந்நாளில் அவ்வூர் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சார்ந்தது. அக்கிராமத்தை உருவாக்கியவருள் ஜானகிராமும் ஒருவர். பிள்ளையாரையும் கண்ணனையும் வடித்த அவர் கைகளே கிறிஸ்துவையும் வடித்தன.

மாமல்லபுரத்துச் சிற்பி பாறையைச் செதுக்கிச் செதுக்கி உருவை வெளிக்கொணர்வார். ஜானகிராமோ செம்புத் தகட்டைத் தட்டி வளைத்து, அதன்மேல் மெல்லிய கம்பிகளையும் பட்டைகளையும் பற்றவைத்து முகம் சமைத்தார். கோயில் மூலவர்க்குச் சாத்தும் கவசமே இம்முறைக்கு முன்மாதிரி. அதனாலேயே அச்சிற்பங்கள் முன்புறத் தோற்றத்தையே முதன்மையாகக் கொண்டவை.

இங்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. கவசம் மாட்சியின் சின்னம்; சிலுவையோ அன்று குற்றவாளிக்குரிய இழிவின் சின்னம். அணிகலன் துன்பத்தை மறைத்துவிடாதா?

மறைக்கவும் கூடும். ஆயின் கவசத்தின் பின்னே கருங்கல் திருமேனி உண்டு. ஜானகிராமின் தகட்டின் பின்னே வெற்றிடமே உண்டு. கிறிஸ்து தம்மையே வெறுமையாக்கிக் கொண்டார் எனப் பிலிப்பியர்க்கு எழுதிய திருமுகத்தில் பவுல் உரைக்கின்றார். சிற்பி இதனைக் கருதினாரோ இல்லையோ, உள்ளீடற்ற அச்செம்புருவம் அக்கருத்தைத் தாங்கி நிற்கின்றது. இறையியலார் சொற்பெருக்கி விளக்குவதை வடிவமே உணர்த்திவிடுகின்றது.

கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இதுவே. பாடுபொருள் புனிதமானது என்பதாலேயே பாட்டு சிறந்துவிடாது. இயேசுவின் பெயரைப் பதித்துவிட்டால் மட்டும் ஒரு செய்யுள் கிறித்தவக் கவிதை ஆகிவிடாது. கருத்து, வடிவத்திற்குள் உடலெடுத்தல் வேண்டும். செம்பின் இயல்பறிந்து சிற்பி தட்டியதுபோல், சொல்லின் இயல்பறிந்து கவிஞர் உழைத்தல் வேண்டும். இவ்விலக்கிய வட்டத்தின் அடுத்த பத்தாண்டு அவ்வுழைப்பிற்கு உரியதாகுக!