விளக்கு மாறினால் மின்சாரம் மிஞ்சுமா?

அண்மையில் பெரம்பலூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் என் தமக்கையார் இல்லத்தில் தங்கியிருந்தேன். மாட்டுக் கொட்டகையில் புதிதாக ஒரு விளக்கு எரிந்தது. “குண்டு பல்பு இருந்தவரை இங்கே விளக்குப் போடத் துணியவில்லை, தம்பி. இதற்குச் செலவு குறைவாமே!” என்றார். அச்சொல்லே இப்பேச்சுக்கு வித்து.

மைய அரசின் உஜாலா திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கியது. 36 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் மலிவாக வழங்கப்பெற்றன. இதனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,780 கோடி யூனிட் மிச்சம் என்பது அரசின் மதிப்பீடு. வகுத்துப் பாருங்கள், விளக்கு ஒன்றுக்குச் சுமார் 130 யூனிட் வரும். 60 வாட் குண்டு பல்பை நீக்கி 9 வாட் விளக்கை இட்டால் மிஞ்சுவது 51 வாட். அது 130 யூனிட்டாக வேண்டுமாயின், நாள்தோறும் ஏழு மணி நேரம் விளக்கு எரிய வேண்டும். கூடத்து விளக்கு எரியக்கூடும். குளியலறை விளக்கு எரியுமா? கழற்றியது 14 வாட் சி.எஃப்.எல். விளக்காயின், அதே ஏழு மணிக்கும் மிச்சம் ஆண்டுக்கு 13 யூனிட்டே! வழங்கிய விளக்கை எண்ணுவது எளிது. மிஞ்சிய மின்சாரத்தை அளப்பது அரிது.

மீட்டரைப் பார்த்தால் போதாதோ என்பீர்கள். 2011-இல் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலையின்றி வழங்கத் தொடங்கியது. அவை வந்த வீட்டில் விளக்கு மிச்சப்படுத்தியதை விசிறி விழுங்கியிருக்கலாம். மாற்றாவிடில் எவ்வளவு செலவாகியிருக்கும் என்பதை எந்த மீட்டரும் காட்டாது. ஆதலின், விளக்குப் பெறாத வேறு வீடுகளோடு ஒப்பிட்டே அறிய வேண்டும்.

பெரம்பலூர் வீடுகளுக்கு விளக்கு அளித்து, அரியலூர் வீடுகளோடு ஒப்பிடலாமா? 2007-இல் தனித்தனியான இவ்விரு மாவட்டங்களும் அண்டை நிலங்களே. ஆயினும் அரியலூரில் சிமெண்டு ஆலைக் கூலி. பெரம்பலூரில் பருத்தியும் மக்காச்சோளமும். வருவாய் வேறாயின் மின்செலவும் வேறாகும். விரும்பி வாங்கியவரையும் வாங்காதவரையும் ஒப்பிடுவதும் பிழையே. விரும்பி வந்தவர் முன்னரே சிக்கனக்காரராக இருக்கலாமன்றோ? நம் முன்னோர் உத்தரமேரூரில் குடவோலை இட்டனர். அவ்வாறே ஓர் ஊரின் வீடுகளுக்குள் சீட்டுக் குலுக்கி, பாதி வீடுகளுக்கு இவ்வாண்டும் மறுபாதிக்கு அடுத்த ஆண்டும் விளக்கு அளித்தால், இடைப்பட்ட காலத்து வேறுபாடே உண்மையான மிச்சம்.

இது வீண் ஆராய்ச்சியன்று. 2012-இல் தமிழகச் சிற்றூர்கள் பல மணி நேர மின்வெட்டில் தவித்தன. ஏட்டில் மட்டும் மிஞ்சிய மின்சாரத்தை நம்பி உற்பத்தியைத் திட்டமிட்டால், அவ்விருள் மீண்டும் வரும்.

திறன் கூடினால் நுகர்வும் கூடலாம் என்று, நீராவி எந்திரத்தின் நிலக்கரிச் செலவை ஆராய்ந்த ஜெவான்ஸ் 1865-லேயே எழுதினார். தமக்கையாரின் கொட்டகை விளக்கும் அவ்வகையே. நாளுக்கு ஐந்து மணி நேரமாக, இரு மாதத்தில் அது கொள்வது 2.7 யூனிட். நான் இருந்தபோது நள்ளிரவில் பசு ஈன்றது. கன்றைத் துடைத்து நிறுத்தியது அவ்வெளிச்சத்தில்தான். அந்த 2.7 யூனிட்டை மிச்சத்திலிருந்து கழித்துத்தான் ஆக வேண்டும். வீண் செலவென்று எழுத மட்டும் எனக்குக் கை வரவில்லை.