திரும்பிய கழுத்து: ஓர் எண்ணெய் ஓவியத்தின் கோடும் ஒளியும்

எண்ணெய் வண்ண ஓவியத்தில் முதலில் பார்க்க வேண்டியவை கோடு, ஒளி, நிறம், தொலைவு. கதை அதன் பிறகே. ரவிவர்மாவைப் (1848–1906) பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்குகின்றனர். எந்தப் புராணக் காட்சி, எந்த ஊர்ச் சேலைக்கட்டு என்று தொடங்கி, ஐரோப்பிய நகல் என்று முடித்துவிடுகின்றனர். அந்தப் பழைய வழக்கு இங்கே மறுபடி எடுக்கப்படுகிறது.

வழக்கு நூறாண்டைத் தாண்டியது. கொழும்பில் பிறந்த கலைத் திறனாய்வாளர் ஆனந்த குமாரசாமி 1907-இல் ரவிவர்மாவின் படங்களில் நாடகத்தனமும் கற்பனை வறட்சியும் கண்டார். பின்வந்தோர் தீர்ப்பைப் படியெடுத்தனர். படத்தின் முன் நின்று சரிபார்த்தவர் குறைவு.

சரிபார்க்க ஏற்ற படம், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா கலைக்கூடத்தில் உள்ள ‘துஷ்யந்தனைத் தேடும் சகுந்தலை’. காளிதாசன் நாடகத்தின் முதல் அங்க முடிவில் அவள் காலில் தருப்பை நுனி குத்துகிறது. (பேச்சுவழக்கில் அது முள்ளாகிவிட்டது, பெரிய பிழையன்று.) மேடையில் அப்போது அரசன் துஷ்யந்தனும் நிற்கிறான். படத்தில் அவன் இல்லை. நாடகத்தனம் என்போர் கவனிக்கத் தவறியது இதைத்தான். அரசனை நீக்கியதால், அவன் இருப்பை உணர்த்தும் பாரம் முழுவதும் கோட்டின்மேல் விழுகிறது. தோழியர் ஒரு திசையில் நடக்கின்றனர். சகுந்தலையும் அவர்களோடு போக வேண்டியவளே. அவளது ஒரு கை தோழியின் தோளைப் பற்றியிருக்கிறது. மறுகை தூக்கிய பாதத்துக்குப் போகிறது. கழுத்து மட்டும் எதிர்த்திசையில் திரும்புகிறது. கை பாதத்தில், கண் வேறெங்கோ: குத்தியதை எடுப்பதாகக் காட்டும் சாக்கு அங்கேயே அம்பலமாகிறது. ஒற்றைக் காலில் நிற்கும் உடலுக்குத் தோழியின் தோள் முட்டுக்கொடுக்கிறது. அதை எடுத்துவிட்டால் உருவம் சாயும். நடை ஒருபுறம் இழுக்க, பார்வை மறுபுறம் இழுக்கிறது. இரண்டு இழுப்பும் சந்திக்கும் இடம் கழுத்து. பார்வைக் கோடு சட்டத்தைத் தாண்டி வெளியேறுகிறது. அது போய்ச் சேரும் இடத்தை ஓவியர் வேண்டுமென்றே வரையாமல் விட்டார். கற்பனை வறண்டவர் அரசனையும் வரைந்திருப்பார்.

ஒளிக்கு ஒப்பீடு தஞ்சாவூர்ப் பலகைப்படம். அங்கே பொன்தகடு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. மேனியின் திரட்சிக்கு நிழல் அதிகம் வேண்டியதில்லை. எண்ணெய் வண்ணமோ மெதுவாக உலர்வதால் நிழலை வெளிச்சத்துக்குள் ஈரமாகவே இழைக்க முடிகிறது. கன்னமும் புயமும் உருண்டு தெரிவது அதனால்தான்.

தொலைவைப் பற்றிக் கல்வராயன் மலையின் வெள்ளிமலையில் பாடம் நடத்தத் தேவையில்லை. அருகு முகடு பச்சை, அடுத்தது சாம்பல் பூத்த பச்சை, கடைசி முகடு வானோடு சேர்ந்த நீலம். ஐரோப்பியத் தந்திரம் எனப்படுவது அங்கே நாள்தோறும் கண்ணில் படுவதே.

1894-இல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய அச்சகம் கதையை வேறாக்கியது. கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக்கல். நிழலின் இழைவு அதில் தட்டையாகும். வீட்டுச் சுவரில் பார்த்ததைக் கொண்டு மூலத்தைப் பழிப்பவர் இன்றும் உண்டு.

இனிச் செய்யத்தக்கவை சில. மூலத்தையும் அச்சுப்படியையும் அருகருகே வைத்து நிழற்பகுதிகளை ஒப்பிடலாம். வார்னிஷ் மஞ்சளேறியதைக் கணக்கில் கொள்ளாமல் நிறத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதை நிறுத்தலாம். கோவில்பட்டி கொண்டைய ராஜுவின் நாட்காட்டிப் படங்களில் இந்தத் திரும்பிய கழுத்து எங்கே தங்கியது, எங்கே மறைந்தது என்று பட்டியலிடலாம். சகுந்தலை படத்தின் பின்னணியில் உள்ள செடிகொடிகளை இனங்காண்பது தாவரவியலார் வேலை.