காட்டுக் குதிரைக்கு ஒரு வீடு

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் திரியும் மஸ்டாங் குதிரைகள், ஸ்பானியர் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த குதிரைகளின் வழித்தோன்றல்கள்; பின்னாளில் பண்ணைகளிலிருந்து தப்பியவையும் அவற்றோடு கலந்தன. 1971ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றுக்குப் பாதுகாப்பளித்தது. இவற்றை வேட்டையாடும் பெரிய விலங்குகள் குறைவு என்பதால், நான்கைந்து ஆண்டுகளில் மந்தை இரட்டிப்பாகிவிடும். புல்லும் நீரும் போதாதபோது, கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைத் துறை ஹெலிகாப்டரால் விரட்டியோ, தீவனம் காட்டியோ குதிரைகளைப் பட்டிக்குள் சேர்க்கிறது.

பிடிபட்ட குதிரைக்குத் தடுப்பூசி போடப்படும். கடுங்குளிரூட்டிய இரும்பால் கழுத்தின் இடப்புறம் குறி இடப்படும்; அங்கே முடி வெள்ளையாக முளைக்கும். நெவாடா போன்ற சில மாநிலங்களில் சிறைக் கைதிகளே குதிரைகளைப் பழக்குகிறார்கள்.

இப்படிப் பிடிபட்ட குதிரைகளை மக்கள் தத்தெடுக்கலாம். தத்தெடுப்பவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒரு குதிரைக்குக் குறைந்தது 400 சதுர அடிப் பட்டி வேண்டும். பழகாத பெரிய குதிரையானால் வேலி ஆறடி உயரம் இருக்க வேண்டும். முதல் ஓராண்டு குதிரை அரசின் உடைமை. பராமரிப்பு சரியென்று சான்று கிடைத்த பிறகே உரிமைப் பத்திரம் வழங்கப்படும்.