மடிக்கணினியைப் பேணும் முறை



வெள்ளிவிழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேச ஆன்றோர் பலர் உளர். நாங்கள் எடுத்துக்கொண்டது சிறு பொருள். கைக்கு வந்த மடிக்கணினியைக் கெடாமல் காப்பது எவ்வாறு என்பதே அது. 15-9-2011 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய பின்னரே நம் வீடுகள் பலவற்றுள் கணினி முதன்முதலாக நுழைந்தது. மீண்டும் 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு என அறிவிக்கப்பட்டு, 2026 ஜனவரியில் வழங்கத் தொடங்கினர். இயந்திரம் வந்துவிடுகிறது, "இப்படிச் செய்யாதே" என்று சொல்ல, முன்பே அதைப் பழகிய அண்ணனோ அக்காளோ வீட்டில் இல்லை. கேட்க ஆளின்றிக் கெட்டுப்போன கணினிகளை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம்.

முதலில் மின்கலம். "புதுக் கணினியை எட்டு மணி நேரம் சார்ஜில் போட வேண்டும், முழுதும் தீர்ந்த பிறகே மறுபடி ஏற்ற வேண்டும்" என்று நம்மிடையே ஒரு சொல் வழங்குகிறது. பொய்யன்று, பழையது. நிக்கல்-காட்மியம் மின்கலத்திற்கு ஒருவாறு பொருந்திய அறிவுரை அது. இன்றைய மடிக்கணினியில் இருப்பது லித்தியம்-அயனி மின்கலம். 1991இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதனை உருவாக்கிய மூவருக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த மின்கலத்தை அடிக்கடி முற்றிலும் தீரவிடுவதே அதற்குக் கேடு. 20 விழுக்காட்டிற்குக் கீழே இறங்குமுன் ஏற்றுக. 80 அளவில் நிறுத்துவது நலம். பல கணினிகளில் 80இல் தானே நிறுத்தும் அமைப்பு உண்டு. அதைத் தேடி இயக்கிவிடுங்கள். தேர்வு நாளன்று முழுதும் ஏற்றிக்கொண்டு போவதில் தவறில்லை.

அதனினும் பெரிய பகை வெப்பம். முழு மின்னேற்றத்தோடு 40 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஓராண்டு கிடந்தால், மின்கலம் தன் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழக்கும். சித்திரை வெயிலில் நம் லைன் வீடுகளின் தகரக் கூரைக்கும் சிமெண்ட் அட்டைக்கும் கீழே எவ்வளவு சூடு என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பீரோவின் மேல், கூரையை ஒட்டிக் கணினியை வைக்காதீர்கள். தரையோரம், சுவரின் நிழற்பக்கம் வையுங்கள். விடுமுறையில் பயன்படுத்தாது வைப்பதாயின் பாதி ஏற்றி அணைத்து வையுங்கள்.

திருப்பூருக்கே உரிய பகை ஒன்றுண்டு, பஞ்சுத்தூசி. வீட்டின் முன்புறம் பவர்டேபிள் ஓடும். பின்புறம் பிள்ளை படிப்பாள். அம்மா பிசிறு வெட்டிய துணிக்குவியலே கணினிக்கு மேசை! கணினியின் அடியிலும் ஓரத்திலும் உள்ள காற்றுத்துளைகள் துணியில் புதைந்தால் உள்விசிறி மூச்சுமுட்டும். பலகையின்மேல் வையுங்கள், பழைய பரீட்சை அட்டை போதும். வாரம் ஒருமுறை, சம்பள நாளில் என்று வைத்துக்கொள்ளலாம், அணைத்துவிட்டு மெல்லிய தூரிகையால் துளைகளைத் துடையுங்கள். கம்பெனியில் துணியின் பிசிறை ஊதும் காற்றுக்குழாயை மட்டும் காட்டிவிடாதீர்கள். அதன் வேகத்தில் விசிறி கெடும்.

மின்கலம் உப்பினால், அதாவது விசைப்பலகை மேலெழுந்தாலோ மூடி சரியாக மூடாவிட்டாலோ, அக்கணமே நிறுத்துங்கள். ஏற்றாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், தீப்பற்றக்கூடும். சார்ஜர் மாற்ற நேர்ந்தால் பி.ஐ.எஸ். பதிவெண் உள்ளதையே வாங்குங்கள். மூன்றுமுனைச் செருகியின் எர்த் முனையை ஒடித்துப் பொருத்தும் வழக்கம் நம்மிடம் உண்டு. வேண்டாம்.

இனி, கணினியை முதன்முதலில் திறந்து அமைப்பது. இதில்தான் நம் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். நம் மாணவி ஒருவர் கணினியைக் கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்து அமைக்கச் சொன்னார். அவர் தம் மின்னஞ்சலையே இட்டுக் கொடுத்துவிட்டார். விண்டோஸ் 11 பல கணினிகளில் உள்ளிருப்பவற்றைப் பூட்டி, அந்தப் பூட்டின் மீட்பு எண்ணை அந்த மின்னஞ்சற் கணக்கிலேயே சேமிக்கும். பல மாதங்கள் கழித்துக் கணினி அந்த எண்ணைக் கேட்டது. கடைக்காரருக்கோ எந்தக் கணக்கு என்பதே நினைவில்லை. மூன்று பருவத்துக் குறிப்புகளும் போயின. ஆகவே கணக்கு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். மீட்பு எண்ணைத் தாளில் எழுதி ரேஷன் அட்டையோடு வையுங்கள். கடவுச்சொல்லை மாமன் மகனுக்கும் சொல்லவேண்டாம்.

தமிழ்99 விசைப்பலகையை அன்றே நிறுவிப் பழகுங்கள். பின்னர் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றைப் படமெடுத்துக் கணினியில் ஒன்றும், தனியே பென்டிரைவில் ஒன்றுமாகச் சேமியுங்கள். உதவித்தொகை விண்ணப்பத்திற்குக் கடைசி நாளன்று சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்திற்கு ஓடிய பெற்றோர் இந்த அவையிலேயே பலர் இருக்கிறீர்கள்.

கணினி கொண்டுவந்திருப்போர் கூட்டம் முடிந்ததும் படிப்பகத்திற்கு வாருங்கள். 80 விழுக்காட்டு அமைப்பை ஒவ்வொன்றிலும் தேடிப் பார்த்துவிடுவோம்.