ஆக்ஸ்போர்டில் ஒரு வாரம்



கோடை விடுமுறையில் ஆக்ஸ்போர்டு கல்லூரி ஒன்றில், மாணவர் காலி செய்த அறைகளில் தங்கி ஒரு வாரம் வேதபாடம் படித்தோம். (டிக்கெட் என் மகன் எடுத்துத் தந்தது, உங்கள் காணிக்கையிலிருந்து அல்ல.) காலையில் யோபுவின் புத்தகம், மாலையில் ஊர் பார்த்தல். கல்லூரிப் படிக்கட்டை என் முழங்கால் இன்னும் மறக்கவில்லை.

கல்லறைத் தோட்டமொன்றில் போப் ஐயர் அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார். சாயர்புரத்தில் ஊழியம் செய்து, பின்பு அங்கே தமிழ் கற்பித்து, 1908-இல் நித்திரையடைந்தவர்.

பிராட் தெருவின் நடுவே கற்களால் பதித்த சிலுவை ஒன்று உண்டு. 1555-இல் லாட்டிமரும் ரிட்லியும், 1556-இல் பேராயர் கிரான்மரும் எரிக்கப்பட்ட இடத்தின் அடையாளம் அது. கிரான்மர் தம் விசுவாசத்தை மறுத்துக் கையெழுத்திட்டவர். முடிவில் மனந்திரும்பி, கையெழுத்திட்ட வலது கையையே முதலாவது நெருப்பில் நீட்டினார். அவருக்குக் கை, எனக்கு நாவு என்று நினைத்துக்கொண்டேன்.

பல வருஷங்களுக்கு முன், பிள்ளையை இழந்த ஒரு தாய் வார்டில் என்னிடம், "ஏன் ஐயரே?" என்று கேட்டார். உடனே பதில் சொன்னேன், வசனமும் சொன்னேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் தவறினார்கள். செமினரியில் இதைப் படித்துப் பரீட்சையும் எழுதியவன் நான்!

அந்தத் தாயைத் தேடிப்பார்த்தேன். குடும்பம் ஊர் மாறிவிட்டது. இப்போது வார்டுக்குப் போகும்போது நர்ஸம்மாவிடம் முதலில் ஒரு ஸ்டூல் கேட்கிறேன்.