இணையத் தொலைபேசிக்கு ஏற்ற இணைப்பு எது?

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வாழைத்தாரும் மல்லிகையும் பாலும் நாளைவரை காத்திருக்கமாட்டா. காலை ஆறு மணிக்கு வெளியூர் வியாபாரி ஒருவர் உங்கள் நிறுவனத்தை அழைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை பேசும்போதே குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது, பிறகு அறுந்துபோகிறது. அவர் இரண்டாம் முறை முயல்வார். மூன்றாம் முறை அடுத்த ஊரை அழைத்துவிடுவார். தேங்கிய சரக்கின் நட்டம் உழவரையே சேரும். ஆதலால் தராசுக்குக் காட்டும் கவனத்தைத் தொலைபேசிக்கும் நாம் காட்டுதல் அவசியம்.

உற்பத்தியாளர் நிறுவனங்கள் சில இணையத் தொலைபேசிக்கு மாற விரும்புகின்றன. அதில் சௌகரியங்கள் பல உண்டு. ஒரே எண்ணை வெளியில் அறிவித்துவிட்டு, கிட்டங்கியிலும் கணக்கர் மேசையிலும் உர விற்பனை நிலையத்திலும் பேசலாம். ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் அடுத்த அழைப்பு தானாகவே மற்றவரிடம் செல்லும். ஆனால் அதை எந்த இணைப்பின்மேல் அமைப்பது என்பதே கேள்வி. பெரும்பாலோர் "எத்தனை மெகாபிட் வேகம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகின்றனர். அது போதாது.

இணையத் தொலைபேசி நமது குரலை ஒரு விநாடிக்கு ஐம்பது சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறது. வழக்கமான முறையில் ஓர் அழைப்புக்குப் போகவும் வரவும் தனித்தனியே சுமார் 90 கிலோபிட் போதும். பத்துப் பேர் ஒரே சமயத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். ஆகவே வாய்க்கால் பெரிதாக இருப்பதைவிட, அதில் தண்ணீர் தடையின்றி ஓடுவதே முக்கியம். கடிதமோ படமோ அனுப்பும்போது ஒரு பொட்டலம் தவறினால் மீண்டும் அனுப்பிக்கொள்ளலாம். குரலில் அது இயலாது. பிந்தி வந்த சொல்லால் பயனில்லை.

எனவே மூன்று அளவுகளைக் கேட்டறியுங்கள். முதலாவது தாமதம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குரல் சேர 150 மில்லி விநாடிக்கு மேற்படாதிருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. இரண்டாவது, பொட்டலங்கள் வந்து சேரும் இடைவெளியில் ஏற்படும் ஏற்ற இறக்கம்; அது 30 மில்லி விநாடிக்குள் இருத்தல் நலம். மூன்றாவது இழப்பு, அது நூற்றுக்கு ஒன்றைத் தாண்டலாகாது.

இனி இணைப்பு வகைகளைப் பார்ப்போம்.

பழைய செம்புக் கம்பி இன்னும் இயங்கும் ஊர்களில் அது ஒரு வழி. ஆனால் தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூட அதன் திறன் குறையும். வாங்கும் வேகத்தைவிட அனுப்பும் வேகம் மிகக் குறைவு. மழையில் இணைப்புகள் துருப்பிடிக்கும். இடியும் மின்னலும் கருவியைத் தாக்கும்.

கண்ணாடி இழைக் கம்பி இவ்வகைகளுள் சிறந்தது. அதில் ஒளி செல்வதால் மின்னல் அதன்வழி ஏறி வராது; கிராமத்துத் தூரங்கள் அதற்கு ஒரு பொருட்டல்ல; தாமதமும் மிகக் குறைவு. 2011-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த திட்டம் பின்னர் பாரத்நெட் என்று பெயர் பெற்றது. நம் மாநிலத்தில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணி தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. உங்கள் ஊரில் அக்கம்பி வந்துள்ளதா, அதிலிருந்து இணைப்புக் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். பலர் பகிரும் இணைப்பு, நமக்கென்றே ஒதுக்கப்படும் குத்தகை இணைப்பு என அதில் இரு வகை உண்டு. பின்னதற்கு வாடகை பன்மடங்கு. பத்துக்குக் குறைவான தொலைபேசிகளுக்குப் பகிரும் இணைப்பே பெரும்பாலும் போதும். ஆனால் பழுது எத்தனை மணி நேரத்தில் சரிசெய்யப்படும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கைப்பேசிக் கோபுரத்தின் 4ஜி, 5ஜி இணைப்பு. நிறுவுவது எளிது. ஆனால் ஊரார் அனைவரும் படம் பார்க்கும் மாலை வேளையில் நெரிசல் மிகுந்து குரல் உடையும். இதை இரண்டாம் துணையாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கண்ணாடி இழை அறுந்தால் தானே இதற்கு மாறிக்கொள்ளும் ரௌட்டர்கள் கிடைக்கின்றன. கம்பியும் கோபுரமும் வெவ்வேறு நிறுவனங்களுடையவையாக இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பழுதாகும் வாய்ப்புக் குறையும்.

நான்காவது செயற்கைக்கோள். பூமியுடன் ஒத்துச் சுழலும் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு ஏறி இறங்கவே குரலுக்குக் கால் விநாடி ஆகும். கேட்ட கேள்விக்கு விடை வர அரை விநாடிக்கு மேலாகும். இருவரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கிவிடுவர். தாழ்வான பாதையில் சுற்றும் செயற்கைக்கோள்களில் இக்குறை வெகுவாகக் குறைவு. வேறு வழியற்ற மலையூர்களுக்கே இம்முறையை யோசிக்கலாம்.

மின்சாரத்தை மறந்துவிடாதீர்கள். பழைய தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே கம்பி வழியாக மின்சாரம் வந்தது. இணையத் தொலைபேசி அப்படியல்ல. மின்தடை வந்தால் கருவிகள் யாவும் ஊமையாகிவிடும். எனவே கருவிகளை யு.பி.எஸ். அல்லது இன்வெர்ட்டருடன் இணையுங்கள். 108, 112 ஆகிய அவசர எண்களை அழைக்க ஒரு சாதாரணக் கைப்பேசி எப்போதும் அலுவலகத்தில் இருக்கட்டும். கண்காணிப்புக் கேமராவும் தொலைபேசியும் ஒரே இணைப்பில் இருந்தால், குரலுக்கு முன்னுரிமை தருமாறு ரௌட்டரில் அமைத்துத் தரச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனத்திடமே சேவை பெறுங்கள். "ஏராளமான சிம் அட்டைகள் பொருத்திய பெட்டி ஒன்றை உங்கள் கட்டடத்தில் வைக்கிறோம், மாத வாடகை தருகிறோம்" என்று எவரேனும் வந்தால் இடம் கொடாதீர்கள். வெளிநாட்டு அழைப்புகளை உள்நாட்டு அழைப்புகளாக மாற்றும் சட்டவிரோதக் கருவியாக அது இருக்கக்கூடும். காவல்துறைக்குத் தெரிவியுங்கள்.

ஊராட்சி உறுப்பினர்களுக்குத் தனியே ஒரு வேண்டுகோள். கண்ணாடி இழைக்குப் பெரும் பகை மண் தோண்டும் இயந்திரம். குடிநீர்க் குழாய்க்கும் சாலைக்கும் கால்வாய்க்கும் நாமே பள்ளம் தோண்டுகிறோம். நாமே கம்பியை அறுக்கிறோம். 2023 மார்ச்சில் தொடங்கப்பட்ட 'கால் பிஃபோர் யு டிக்' என்னும் செயலியில் முன்கூட்டிப் பதிவு செய்தால், நிலத்தடியில் கம்பியும் குழாயும் வைத்திருப்போருக்குத் தகவல் செல்லும். ஒப்பந்தக்காரர் அதில் பதிவு செய்த பின்னரே தோண்டவேண்டும் என்று ஊராட்சியில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். ஊராட்சிக் கட்டடத்தில் இணையக் கருவி இருந்தால், அந்த அறையில் கூரை ஒழுகாமலும் சாவி உரியவரிடம் இருக்கும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவாக ஒன்று. எந்த இணைப்பானாலும் ஒரு வார காலம் காலை, நண்பகல், இரவு என மூன்று வேளையும் உண்மையான அழைப்புகளைச் செய்து, மேற்சொன்ன மூன்று அளவுகளையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அந்த நோட்டை இயக்குநர் கூட்டத்தில் வைத்து முடிவெடுங்கள். புதிய இணைப்பு மூன்று மாதம் குறையின்றி நடக்கும்வரை பழைய எண்ணைக் கைவிடாதீர்கள். உழவர் பாடுபட்டு விளைவித்த சரக்குக்கு உரிய விலை, ஒரு பேச்சு அறுந்ததனால் கைநழுவிப் போகாதிருக்க இச்சிறு முயற்சியை அனைவரும் மேற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.